மாமன் தலை

பத்தாவது வரை மட்டுமே படித்தவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவன் எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். வாயால் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு திருக்கோஷ்டியூரில் என் தங்கை மகனுக்கு முதல் மொட்டை போட்ட அன்று நடந்தது இது. அவனுக்கு அப்போது ஏழு மாதம். தாய்மாமன் என்பதால் என் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்கினார்கள்.

என் தலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்னும் பின்னும் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கியிருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பெயர் வெள்ளரிக்காய். ஹெல்மெட் எதுவும் சேராது. பள்ளத்தூரில் மாவு மில் வேலைக்கு நான் போனதற்கே காரணம், அங்கே தலையில் துண்டு கட்டிக்கொண்டிருந்தால் ஏனென்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான்.

தங்கை மகனும் அதே தலையோடுதான் பிறந்தான். "மாமன் தலை அப்படியே வந்திருக்கு" என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அந்தப் பெருமையில் யாரும் டாக்டரிடம் காட்டவில்லை. தடுப்பூசி போட்ட நர்ஸம்மாதான் உச்சியைத் தடவிப் பார்த்துவிட்டு, காரைக்குடியில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டச் சொன்னார். தலையோட்டின் நடுவில், முன்னாலிருந்து பின்னால் ஓடும் பொருத்து திறந்திருக்க வேண்டிய வயதில் ஒட்டிவிட்டது என்றார் டாக்டர். பக்கவாட்டில் வளர வழியில்லாமல் தலை நீளமாகவே வளருமாம். உள்ளே மூளைக்கு நெருக்கடி வரலாம், வராமலும் போகலாம். ஒரு வயதுக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது என்று சொல்லி, மதுரையில் பெரிய டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார்.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குப் பொறாமை. ஏழு மாதக் குழந்தையின் மேல் பொறாமை என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் உண்மை. என் தலைக்கு என் அப்பா செய்த வைத்தியம், துண்டு வாங்கிக் கொடுத்ததுதான். இவனுடைய அப்பாவோ ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறார். எனக்குக் கல்யாணம் கூடிவருவதற்கு முன்பு, பெண் பார்க்கப் போன நாலு வீட்டில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். இவனுக்கு அந்தக் கவலையே இருக்காது. இவனுக்கு மட்டும் ஏன்?

மொட்டை போட்டு முடித்ததும் உச்சியில் வரப்பு போல ஒரு மேடு தெளிவாகத் தெரிந்தது. தங்கையின் மாமியார் துண்டு கட்டிய என் தலையையும் அவன் தலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"தம்பி, மாமன் சீர்ல தலையையும் சேத்துல்ல குடுத்துட்டீக!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உடனே அவர் தன் மகன் பக்கம் திரும்பினார். "பச்சப்புள்ள மண்டையில கத்தி வைக்கணுமாடா? இந்தா, இவுகளுக்கும் இதே தலதான். கல்யாணமாகி நல்லாத்தான இருக்காக? கேட்டுப் பாரு."

மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், நெசத்தச் சொல்லுங்க. இந்தத் தலையால ஒங்களுக்கு எப்பவாச்சும் கஷ்டம் இருந்துச்சா? இல்லைன்னு நீங்க சொன்னா நாளைக்கு மதுரைக்குப் போகல."

"ஒண்ணும் இல்ல மாப்ளே. நல்லாத்தான இருக்கேன்" என்றேன்.

கூச்சத்தில் சொன்னேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். இவனும் என்னைப் போலவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மாப்பிள்ளைக்கு முகம் தெளிந்தது. மதுரைக்கு வரவில்லை என்று சொல்லிவிடலாமெனப் போனை எடுத்தவர், "அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ. துண்ட எடுங்க மச்சான், ரெண்டு தலையும் சேந்து தெரியட்டும்" என்றார்.

என் கை தானாகப் போய்த் துண்டை இறுக்கிப் பிடித்தது. சுற்றி இருந்தது என் சொந்தக்காரர்கள்தான், அவர்கள் முன்னால்கூட அவிழ்க்க மனம் வரவில்லை. ஒரு கையால் குழந்தையையும் மறு கையால் துண்டையும் பிடித்துக்கொண்டிருந்தேன். குழந்தை என்னை அண்ணாந்து பார்த்து, அந்தத் துண்டுக்காகக் கையை நீட்டினான். இதை இவன் தலையில் நான்தான் கட்டிவிடப் போகிறேன் என்று தோன்றியது.

துண்டை அவிழ்த்துக் கீழே வைத்தேன்.

"பொய் சொல்லிட்டேன் மாப்ளே. வாரத்துல ரெண்டு நாள் தலைவலி. இதனாலதானான்னு தெரியாது, யாருகிட்டயும் காட்டினதில்ல. வலிய விடுங்க. ஒங்க கல்யாண ஆல்பத்துல நான் எங்கயாச்சும் இருக்கேனா?"

தங்கைதான் முதலில் பேசினாள். "பந்தியக் கவனிக்கணும்னுல்ல சொல்லிட்டுப் போனீக, அண்ணே?"

"பந்தியிலயும் இல்லத்தா. பின்னால வண்டிக்கிட்ட போயி நின்னேன்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். தங்கை சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மேட்டின் மேல் சந்தனத்தைத் தடவினேன். தினமும் குளிக்கும்போது என் உள்ளங்கையில் தட்டுப்படும் அதே மேடு.

பிறகு ஆபரேஷன் நடந்தது. இப்போது அவனுக்கு மூன்றரை வயது. தலை மற்றப் பிள்ளைகளுக்கு இருப்பது போலத்தான் இருக்கிறது. அவனுக்குத் தலை துவட்டிவிடும்போது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் பொறாமை வருகிறது. ஆனால் அந்தப் பொறாமையில் அன்று நான் சொன்ன ஒரு வார்த்தை அப்படியே நின்றிருந்தால், இந்தத் தலையை என்னால் தொட்டிருக்கவே முடியாது.

மொட்டை போட்டதற்கு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர்கள் மதுரைக்குப் போனார்கள். நான் துண்டைக் கட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன்.