மூன்று பேர் சுமந்த துப்பாக்கி

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. பெண் பார்க்க வந்தபோது இதை ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. பையனுக்குப் பாண்டிச்சேரி டவுனில் மில் வேலை, ரெண்டு காணி நிலம், ஒரு பம்பு செட்டு, இவ்வளவுதான் சொன்னார்கள். தாலி ஏறிய மறுநாள் காலையில் கதவைத் திறக்கிறேன், மாமனார் வாசலில் பாயை விரித்து, ஒரு இரும்புக் குழாயை மடியில் போட்டுக்கொண்டு தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் எண்ணெய் முதலில் அதற்குத்தான். மிச்சம் இருந்தால்தான் எங்கள் தலைக்கு.

மாமனார் வாலிபத்தில் டவுனில் இருந்தவர். பிரான்சுக்குக் கப்பலேறிய ஒரு துரை போகிற போக்கில் விற்றுவிட்டுப் போன ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. பிறகு கொம்யூன் என்று சொல்கிற பாகூர் வட்டாரத்தில் இருந்த சொந்த ஊருக்கே வந்து விவசாயம் பார்த்தார். கடலைக்கொல்லையில் இறங்கும் நரியையும் கம்பங்கொல்லையில் இறங்கும் கிளியையும் விரட்ட என்று லைசென்ஸ். நான் போன பிறகு அது ஒரு தடவைகூட வெடித்ததில்லை. வீட்டில் இருந்த ரெண்டு தோட்டாவும் ஈரம் பட்டுப் பச்சை பூத்திருந்தன. கிளிகளுக்கும் இந்த விவரம் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன், அவை அவர் தலைக்கு மேலேயே உட்கார்ந்து சாவகாசமாகத் தின்றன. ஆனாலும் ஊரில் லைசென்ஸ் உள்ள ஒரே ஆள் அவர்தான். எந்தப் பஞ்சாயத்திலும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அந்தத் துப்பாக்கியைக் கண்டால் ஆகாது. காரணம் இருந்தது.

எங்கள் பக்கம் பாகூரில் பஸ் ஏறினால் டவுன் போய்ச் சேருவதற்குள் நடுவில் ஒரு துண்டு தமிழ்நாடு வரும். வேலியும் கிடையாது, கோடும் கிடையாது. தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு, சாராயக்கடைகள் நின்றுபோனால் தமிழ்நாடு, மறுபடி ஆரம்பித்தால் பாண்டிச்சேரி. மாமனாரின் லைசென்ஸ் பாண்டிச்சேரி எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். அத்தையின் பிறந்த வீடோ அந்தத் தமிழ்நாட்டுத் துண்டில், பஸ் போகிற ரோட்டின் மேலேயே இருந்தது.

நான் வருவதற்குப் பல வருஷம் முன்பு, அத்தையின் தம்பி தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வைத்திருக்கிறார். மாமனார் விருந்துக்குப் போனவர் சும்மா போயிருக்கலாம். தோளில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். வாசல் படலைத் தள்ளும்போது அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர்கள் ரெண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "இந்த ஆளு யாரு?" என்று தம்பியைக் கேட்டிருக்கிறார்கள். தம்பி பயத்தில், "எனக்குத் தெரியாதுங்க. வழியில போறவரு போல" என்று சொல்லிவிட்டார்.

மாமனாரை ஸ்டேஷனில் பொழுது சாயும்வரை உட்காரவைத்து, எச்சரித்துத் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் ஸ்டேஷனைக்கூட மன்னித்துவிட்டார். மச்சானை மன்னிக்கவில்லை. "என்னயத் தெரியாதுன்னு சொன்னவன் வூட்டுக்கு நான் இன்னாத்துக்குப் போவணும்? நீ போறதுன்னா போ. போனா அங்கயே இரு" என்று அத்தையிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து அத்தை பிறந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வில்லியனூர் மாதா திருவிழாக் கூட்டத்தில் அக்காவும் தம்பியும் ஓரமாக நின்று பேசிக்கொள்வார்கள். பஸ் அந்த வீட்டைத் தாண்டும்போது அத்தை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்ப்பார். மாமனார் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். நடுவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எரிச்சலாக வரும். பெற்ற தாய் வாழ்ந்த வீட்டை ஒருத்தி பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டுமா?

எழுபதுகளின் கடைசியில் ஒரு தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மாமனாரின் லைசென்ஸில் இன்னும் பழைய டவுன் விலாசமே இருந்ததால் அவர் ஒப்படைக்க வேண்டியது டவுன் ஸ்டேஷனில். முன்பெல்லாம் அது எங்கள் ஊர் மிராசுதாரின் கார் டிக்கியில் படுத்துக்கொண்டு போகும். அந்த வருஷம் மிராசுதார் காரை விற்றுவிட்டார். கடைசி நாள்வரை மாமனார் யோசித்தார். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் லைசென்ஸ் போய்விடும். பஸ்ஸில் கொண்டுபோனால் தமிழ்நாட்டுத் துண்டில் பிடித்துக்கொள்வார்கள். காலையில் காப்பி குடித்தவர் திடீரென்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"இது மூணாக் கழலும்" என்றார். "குழாய நான் பாய்ல சுத்தி எடுத்துக்கிறேன். பின்கட்டைய உங்க அத்த பையில வச்சிக்கட்டும். முன்கட்ட சின்னது, நீ வச்சிக்க. ஆளுக்கு ஒண்ணு இருந்தா யாரு கையிலயும் துப்பாக்கி இல்ல. இன்னாமா, நீ படிச்சவ, சொல்லு. சட்டம் செல்லுமா செல்லாதா?"

எஸ்.எஸ்.எல்.சி.யில் சட்டம் சொல்லித்தரவில்லை. அப்படியே தந்திருந்தாலும் புது மருமகள் என்ன சொல்ல முடியும்? "செல்லும் மாமா" என்றேன்.

தோளில் முட்டுக்கொடுக்கிற பின்கட்டைதான் துப்பாக்கிக்கு உயிர். விசை அதில்தான் இருக்கிறது. அத்தை அதை ஒரு பழைய புடவையில் சுற்றி, முருங்கைக்கீரைக் கட்டுக்குக் கீழே வைத்தார். அன்று அவர் கட்டியிருந்தது கோயிலுக்குக் கட்டுகிற புடவை. போலீஸ் ஸ்டேஷனுக்கு எதற்கு இது என்று எனக்குத் தோன்றியது.

பஸ்ஸில் நாங்கள் ரெண்டு பேரும் முன்னால். மாமனார் கடைசி வரிசையில் பாயைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, யார் ஏறினாலும் திருடனைப்போல விழித்தார். பாய்க்குள் இன்னது இருக்கிறது என்று போர்டு எழுதி மாட்டியிருந்தால்கூட அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. அத்தை பிறந்த ஊர் நிறுத்தம் வந்தது. கீரைக்காரிகள் கூடையோடு ஏறினார்கள். அந்த நெரிசலில் அத்தை எழுந்தார். "நீ உங்க மாமாகூடப் போமா" என்றார் என் காதில். பையோடு இறங்கிவிட்டார். நான் கத்தியிருக்கலாம். கத்தவில்லை, கத்த மனசும் வரவில்லை.

டவுனில் இறங்கிய பிறகுதான் மாமனார் தலைகளை எண்ணினார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. இருக்கிறதையாவது கொடுப்போம் என்று ஸ்டேஷனுக்குப் போனோம். பதிவு எழுதுகிற ரைட்டர் குழாயையும் முன்கட்டையையும் மேசைமேல் வைத்துப் பார்த்தார்.

"பெரியவரே, பாதிதான் இருக்குது."

"மீதி வந்துக்கினு இருக்குது."

"எங்க இருக்குது?"

"தமிழ்நாட்டுல."

ரைட்டர் பேனாவை மூடிவிட்டு முழு விவரத்தையும் கேட்டார். கேட்டு முடித்ததும், "கழட்டினாலும் அது துப்பாக்கிதான். புடிச்சிருந்தா ஒருத்தரில்ல, மூணு பேரயும் புடிச்சிருப்பாங்க" என்றார். "இது ரெண்டும் இங்க இருக்கட்டும். அஞ்சு மணிக்குள்ள மிச்சத்தக் கொண்டாங்க. இல்லன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

திரும்பி அதே பஸ். வெயில் மண்டையைப் பிளந்தது. மாமனார் மச்சான் வீட்டுப் படலுக்கு இந்தப் பக்கம், ரோட்டில் நின்றுகொண்டார்.

"என் சாமான் உள்ள இருக்குது. குடுத்தா போயிடுவேன்" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "வந்து எடுத்துக்கங்க."

"வெளிய கொண்டா."

"நான் எப்பிடிங்க ரோட்டுக்குக் கொண்டாறது? எங்கிட்ட லைசென்ஸ் இல்ல. புடிச்சிக்கினு போயிட்டா?"

"எனக்குந்தான் இந்த ஊருல லைசென்ஸ் கெடையாது!"

"அப்ப அது இங்கயே இருக்கட்டும். நானும் இருக்கறேன். நீங்க போறதுன்னா போங்க."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் படலைப் பார்த்தேன். அத்தனை வருஷமாக அவரை எதிர்த்து ஒரு சொல் பேசாத மனுஷி அத்தை.

தம்பி வெளியே வந்தார். தலை நரைத்து, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "மாமா, அன்னிக்கு பயந்துட்டேன். போலீசப் பாத்தா எனக்கு எங்கப்பன் பேரே மறந்துபூடும். நான் சொன்னது தப்பு. அதுக்காக அக்காவ ஏன் மாமா தண்டிச்சிங்க?" என்றார்.

மாமனார் டவுன் பக்கம் போகிற ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு லைசென்ஸ் போனால் நாற்காலி போய்விடும். அதைத்தான் நினைக்கிறார் என்று நினைத்தேன்.

"மணி இன்னாமா?" என்றார் என்னிடம்.

"மூணு ஆவப்போவுது மாமா."

"காலையிலேர்ந்து பட்டினி. சீக்கிரம் சோத்தப் போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

வஞ்சிரமீன் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். அத்தை பரிமாறினார், கண்ணைத் துடைத்தார், மறுபடி பரிமாறினார். பின்கட்டை அரிசிப் பானைமேல் கிடந்தது. மாமனார் மூன்றாவது தடவை சோறு வாங்கிக்கொண்டபோது, "மாமா, ஸ்டேஷன்" என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். கதவு சாத்துகிற நேரத்துக்கு ஓடிப்போய்க் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு பகை போய்விட்டது, வீம்பு மட்டும் போகவில்லை. "சும்மா இன்னாத்துக்கு ஒருத்தர் வூட்டுக்குப் போறது? வேல இருந்தா போவலாம்" என்பார் மாமனார். துப்பாக்கியை ஒப்படைக்கப் போகிற அன்று ஒரு சாப்பாடு, தேர்தல் முடிந்து வாங்கப் போகிற அன்று ஒரு சாப்பாடு, அவ்வளவுதான் அவர் கணக்கில் வேலை. நல்லவேளை, எங்கள் பாண்டிச்சேரியில் அப்போது ஆட்சி அடிக்கடி கவிழ்ந்து தேர்தல் வரும். எந்தக் கட்சி எந்தச் சின்னம் என்று தெரியாத அத்தை, தினம் என்னைப் பேப்பர் படிக்கச் சொல்லிக் கேட்பார். "எம்.எல்.ஏ. எவனாவது மாறுவானா?" என்பார் ஆசையாக. ஒருமுறை ஆட்சி அசையாமல் நின்றபோது வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். மாதா கைவிடவில்லை.

அடுத்த தேர்தல் முடிந்து துப்பாக்கியை வாங்கப் போனோம். அத்தை காலையிலேயே தம்பி வீட்டில் இறங்கிவிட்டார், சமையலுக்குக் கூடமாட ஒத்தாசை செய்ய. ஸ்டேஷனில் அதே ரைட்டர். எங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஏன் பெரியவரே இந்த வயசுல அலையறீங்க? லைசென்சுல அட்ரஸ ஊருக்கு மாத்திக்கங்க. பாகூர்லயே குடுத்து வாங்கிக்கலாம். தமிழ்நாட்டத் தாண்டவே வேணாம்."

மாமனார் "ஆவட்டும் சார்" என்றார். துப்பாக்கியைக் கழற்றினோம். குழாய் பாய்க்குள் போயிற்று, கட்டை ரெண்டும் என் பைக்குள். பஸ் ஏறி உட்கார்ந்தோம்.

சாராயக்கடைகள் நின்றுபோனதும் மாமனார் என் பக்கம் குனிந்து, "அந்த ரைட்டரு சொன்னத உங்க அத்த காதுல போட்டுக்கினு இருக்காத" என்றார். "அட்ரஸ மாத்தறதுன்னா சும்மாவா? ஏகப்பட்ட அலச்சல்."

நான் தலையாட்டுவதற்குள் பாயைத் தூக்கிக்கொண்டு எழுந்து, மச்சான் வீட்டு நிறுத்தம் வருவதற்கு ரெண்டு பர்லாங் முன்பே, "கண்டக்டர், எறங்கணும், எறங்கணும்" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்.