பதினான்கு கேள்விகள்

உள்ளறையில் தங்கையின் கீபோர்டு சத்தம் சட்டென்று நின்றது. சமையலறையில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டாள். அதற்குள் எங்கே தடுக்கியது?

ஓடிப்போய்ச் சொல்லிக் கொடுக்கக் கால் துடித்தது. கூடாது. நாம் செய்து வைத்ததை அடுத்தவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்க்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. அண்மையில்தான் அவள் கற்றுக்கொண்ட பாடம் அது. பக்கத்தில் உட்கார்ந்தால் வாய் நிற்காதென்று பயந்துதான் டீ போடும் சாக்கில் எழுந்து வந்திருந்தாள்.

அவளும் உள்ளே இருந்த தங்கையும் ஒரே கம்பெனியில் இன்ஜினியர்கள். மற்ற டீம்கள் எழுதும் புரோகிராம்களைச் சர்வரில் ஏற்றித் தருகிற தளம் ஒன்றைப் பெரியவளின் டீம், ஐந்தே பேர், இரண்டு வருடமாய்க் கண்ணும் கருத்துமாய்க் கட்டியிருந்தது. பதினான்கு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும், மீதியைத் தளம் பார்த்துக்கொள்ளும். பாதி டீம்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்தவர்களும் முணுமுணுத்தார்கள். தளம் இருக்கப்போகிறதா, இல்லை டீமையே கலைத்துவிடுவதா என்று நாளை பத்து மணிக்கு மேனேஜர் முடிவு சொல்லிவிடுவார்.

"இது எங்களுக்காகக் கட்டினதில்ல, அவங்க ஆசைக்குக் கட்டினது." போன மாதம் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னவள் சின்னவள்தான். அன்றோடு பேச்சு நின்றது. அம்மா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து தங்கைக்குத் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூட விண்ணப்பம் முதல் வேலைக்கான விண்ணப்பம் வரை தானே நிரப்பி ஆளாக்கியவளுக்கு அந்த ஒரு சொல் நெருப்பாய்ச் சுட்டது. இன்று வெட்கத்தை விட்டு, தளத்தை ஒருமுறை பயன்படுத்திக் காட்டச் சொல்லி அவளே போன் செய்து வரவழைத்திருந்தாள்.

டீயோடு உள்ளே போனாள். சின்னவள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, இன்னும் திட்டல?"

பெரியவள் டீயை அவள் பக்கத்தில் வைத்தாள்.

சின்னவள் பெருமூச்சு விட்டு, எங்கிருந்தோ எதையோ எடுத்து ஒட்டினாள். 'பொறுப்பாளர் யார்?' என்ற கேள்விக்கு எதிரே ஒரு பெயர் வந்து விழுந்தது. பெரியவளுக்குப் பகீரென்றது. எல்லோரும் மொட்டை சார் என்று கூப்பிடும் மனிதரின் பெயர். அவர் வேலையை விட்டுப் போய் ஒன்றரை வருடமாகிறது. புரோகிராம் பழுதானால் யாரைக் கூப்பிடுவது?

"ஏன் இந்தப் பேரு?" அது ஒன்றுதான் கேட்டாள்.

"நீ போட்ட உதாரணத்துல அவர் பேருதானே இருக்கு. அதை அப்படியே காப்பி அடிச்சாத்தான் உள்ள விடுது. இங்க வர்ற எல்லா டீமும் அதைத்தான் பண்றாங்க. பாவம் மனுஷன், போயும் நிம்மதி இல்ல. எல்லாம் அவர் தலையில. அதுவும் மொட்டைத் தலை."

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் பொறுப்பாளர் பெயரை நிரப்புகிறார்கள். நாளை மேனேஜர் முன் வைக்க அவள் கையிலிருந்த ஒரே துருப்பு அந்த எண். மேனேஜர் பெயர்களைப் பார்க்கப்போவதில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஐந்து பேரின் பிழைப்பு.

"உனக்கு உண்மையில என்னதான் வேணும்?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவே கேக்கறியா?"

"சொல்லு."

"போன தடவை மாதிரியே இதையும் ஏத்துன்னு ஒரு பட்டன். பேரு, பொறுப்பு, ரெண்டே கேள்வி." அவள் குரல் இறங்கியது. "நான் என்ன படிக்கணும்னுகூட நீ என்னைக் கேக்கலக்கா. நீயே நிரப்பிட்ட."

பெரியவளுக்குக் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். நாளைக்கென்று தயார் செய்த பக்கத்தைத் திறந்து, தொண்ணூற்றெட்டை அழித்தாள். அந்த இடத்தில் மொட்டை சார் கதையை மறைக்காமல் எழுதினாள். கீழே, 'இரண்டு கேள்விகள், ஒரு பட்டன், மூன்று வாரத்தில் முடிப்போம்.'

"டீமைக் கலைச்சுட்டா?" என்றாள் சின்னவள்.

"தெரியல." ஆனாலும் சேமித்துவிட்டாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சின்னவள் சொன்னாள்: "பத்து மணிக்கு நானும் வர்றேன். எங்க டீம்தான் முதல்ல எடுத்துக்கும்னு சொல்றேன். ஆனா உன் பதினாலு கேள்வியையும் நல்லா திட்டிட்டுத்தான் சொல்வேன்."

"திட்டு. நடுவுல பேச மாட்டேன்."

நம்பாத பார்வை ஒன்றை வீசிவிட்டுச் சின்னவள் படியிறங்கினாள். பின்னல் பாதி அவிழ்ந்து தொங்கியது. தன்னையறியாமல் நீண்ட கையை மடக்கிக்கொண்டு, பெரியவள் கதவைச் சாத்தினாள்.