துளை போடாத நிலைச்சட்டம்

டொக்டொக்காரர் என்றால்தான் அவரை ஊருக்குத் தெரியும். கரையானுக்கு மருந்து ஏற்றுவது தொழில். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் நிலை, உத்தரம், ஜன்னல் என்று ஒன்று விடாமல் தட்டிக் காது கொடுப்பார். டொக்கென்று கேட்டால் மரம் திடம். பொத்தென்று கேட்டால் உள்ளே கரையான் குடித்தனம் நடத்துகிறது. விருந்துக்குப் போன இடத்தில்கூட நாற்காலியைத் தட்டிவிட்டுத்தான் உட்காருவார் என்று கிண்டல் செய்வார்கள். அது பொய்யும் இல்லை.

தன் வீட்டில் மட்டும் ஒரு மரத்தை அவர் தட்டியதே இல்லை. சமையலறை வாசலின் நிலைச்சட்டம். அதில் மகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் இருந்தன, பிறந்தநாளுக்கு ஒன்றாக எட்டு. ஒன்பதாவது கோட்டுக்கு அவள் இல்லை. காய்ச்சலென்று தூக்கிக்கொண்டு போனார்கள். நாலே நாளில் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அடுத்த வருடம் வீட்டில் கரையான் தென்பட்டது. எல்லா மரத்திலும் துளை போட்டு, ஊசியால் மருந்து ஏற்றி, மெழுகு வைத்து அடைத்துக்கொண்டே வந்தார். சமையலறை வாசலில் மனைவி குறுக்கே நின்றாள்.

"இதுல மட்டும் வேணாங்க. அவ மேலயே துளை போடுற மாதிரி இருக்கு."

அவருக்கும் கை வரவில்லை. ஒரு மரத்தை விட்டாலும் விரட்டிய கரையானெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும் என்று வீடு வீடாகத் தொண்டை வறளச் சொல்கிற மனுஷன், தெரிந்தே விட்டார்.

பதினோரு வருடம் ஓடியது. மகளின் பிறந்தநாள் காலையில் மனைவி வழக்கம்போல் அந்தச் சட்டத்தை மெல்லிய துணியால் துடைத்தாள். விரல்கள் உள்ளே போயின. மேலே இருந்தது வெறும் பெயிண்ட் தோல்; உள்ளே முழுக்க மண். எட்டுக் கோடுகளும் பொடிப்பொடியாகத் தரையில் உதிர்ந்தன. அவர் ஓடிவந்து அள்ளப் பார்த்தார், தொட்டதெல்லாம் தூளாயிற்று.

"ஊர் மரத்தையெல்லாம் தட்டுனீங்களே, இத ஒரு தடவ தட்டியிருக்கக் கூடாதா?"

"பயமா இருந்துச்சும்மா. பொத்துன்னு கேட்டுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

உதிர்ந்த தூளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்டாள். "அவ உயரத்த எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

யார் யார் வீட்டு ஜன்னல் அளவெல்லாமோ அவர் நோட்டில் இருந்தது. இது இல்லை.

"மரத்துலதான் இருக்கே, எங்க போயிடப்போகுதுன்னு நெனச்சேன்." அதற்குமேல் முடியாமல் வாய்விட்டு அழுதார்.

அவள் எழுந்து பக்கத்துச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். தோளுக்குச் சற்றுக் கீழே, நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"கட்டிப்புடிச்சா அவ தலை இங்கதான் முட்டும். கோடு போடுங்க."

அவர் பென்சிலை எடுத்துவந்து, அந்தக் கையின் உயரத்துக்குச் சுவரில் கோடு போட்டார். அவள் விலகித் திரும்பி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீழயோ?"

"தெரியலம்மா," என்றார் டொக்டொக்காரர்.