சாட்சிக் கையெழுத்து

நான் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படித்தபோது எங்கள் வீடு தெலுங்கு பேசும் ஊரான குஷாய்குடாவில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் மாடியில் இருந்தது. அப்பாவுக்கு அங்கே ஸ்டோர்ஸில் வேலை. கீழ்வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையில் டெக்னீஷியன், சேலம் பக்கத்து ஆள். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவள். தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அக்கா தமிழில் கேட்பாள், அது தெலுங்கில் பதில் சொல்லும்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பெண்களின் சொத்துரிமை என்பது என் ஆய்வுக் கட்டுரையின் பொருள். தமிழ் தெரிந்த மாணவி வகுப்பில் நான் ஒருத்திதான் என்பதால் பேராசிரியர் அதை என் தலையில் கட்டியிருந்தார். கல்வெட்டுத் தொகுதிகளை அவரே தன் பெயரில் நூலகத்திலிருந்து எடுத்துத் தருவார். ஒரு வாரத்தில் திருப்பிவிட வேண்டும். அதற்குள் எல்லாவற்றையும் கையால்தான் எழுதி எடுக்க வேண்டும்.

நான் திணறுவதைப் பார்த்து அக்கா தானாகவே வந்தாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். குழந்தை தூங்கிய பிறகு மத்தியான நேரங்களில் எங்கள் வீட்டுத் தரையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நான் படிக்கப் படிக்க எழுதுவாள். புரியாத சொல் வந்தால் நிறுத்திக் கேட்பாள். அப்படித்தான் ஒரு நாள் முதுகண் என்றால் என்ன என்று கேட்டாள்.

சொன்னேன். அரண்மனைப் பெண்களும் கோயிலைச் சேர்ந்த பெண்களும் தங்கள் பெயரிலேயே நிலமும் பொன்னும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பிராமணக் குடும்பத்துப் பெண் தன் நிலத்தை விற்க வேண்டுமானால் தானாக விற்க முடியாது. கணவனோ மகனோ அண்ணன் தம்பியோ, ஓர் ஆண் அவளுக்காகப் பேச வேண்டும். அவனுக்குத்தான் முதுகண் என்று பெயர்.

"அந்த ஆளே ஏமாத்திட்டா யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

ஊர்ச் சபை இருந்தது என்றேன்.

"சபையில பொம்பளைங்க இருந்தாங்களா?"

இல்லை என்றேன். அவள் அந்தச் சொல்லை எழுதி முடித்தாள். அடுத்த வரியைப் படிக்கச் சொன்னாள்.

அந்த வருட மழைக்காலத்தில் அவள் கணவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தியம், நாட்டு மருந்து என்று முதல் வாரம் போயிற்று. பிறகு ஆஸ்பத்திரி. மூன்றாவது வாரம் உடலாகத்தான் கொண்டுவந்தார்கள். குழந்தை எங்கள் வீட்டில் இருந்தது. கீழே போகலாமா என்று அம்மா கூப்பிட்டதற்கு "நேனு ரானு", நான் வரமாட்டேன் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுக் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

பத்து நாள் கழித்து தொழிற்சாலையின் நலப்பிரிவு குமாஸ்தா வந்து, வேலையில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்கு வேலை கொடுப்பது வழக்கம், நீங்கள் படித்திருக்கிறீர்கள், மனு கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாடிப்படியில் அக்கா என் கையைப் பிடித்தாள். "எனக்கு வேலை குடுப்பாங்களாம்" என்றாள். அழுது வீங்கிய முகத்தோடுதான் சொன்னாள். ஆனாலும் அந்தக் குரலில் ஒரு தெம்பு இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் அப்பாவையும் என்னையும் கீழே கூப்பிட்டார்கள். அக்காவின் மாமனாரும் கொழுந்தனும் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தார்கள். கொழுந்தன் ஐ.டி.ஐ. முடித்து இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருந்தவன். ஆங்கிலத்தில் டைப் செய்த ஒரு தாளை மாமனார் என்னிடம் கொடுத்து, மருமகளுக்குத் தமிழில் படித்துச் சொல்லும்படி கேட்டார். படித்த பெண் சொன்னால் பின்னால் யாரும் ஒன்றும் பேச முடியாது என்றார்.

வரி வரியாகச் சொன்னேன். எனக்குச் சேர வேண்டிய வேலையைக் கணவரின் தம்பிக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறேன். அவர் என்னையும் என் குழந்தையையும் காப்பாற்றுவார். பிற்காலத்தில் இந்த வேலையில் உரிமை கோர மாட்டேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதை எழுதிக் கொடுக்கிறேன்.

அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மாமனார் அவளைத் திட்டவோ மிரட்டவோ இல்லை. ஆயிரம் ஆம்பிளைகளுக்கு நடுவில் போய் நிற்க அவளுக்கு என்ன தலையெழுத்து, பையன் சம்பாதிப்பான், அவள் இதே வீட்டில் மகாராணி மாதிரி இருக்கட்டும் என்று அன்பாகவே சொன்னார். அப்பா தலையாட்டினார்.

"இதுல கையெழுத்துப் போட்டா அப்புறம் மாத்த முடியுமா?" அக்கா என்னைத்தான் கேட்டாள்.

"முடியாதுக்கா."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. போடாதே என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று இன்று சொன்னால் பொய். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். "பெரியவங்க சொல்றாங்கள்ல" என்றேன்.

அவள் அழகாகத் தமிழில் கையெழுத்துப் போட்டாள். சாட்சியாக அப்பா ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து.

என் கட்டுரையை அடுத்த கோடையில் சமர்ப்பித்தேன். முதுகண் பற்றிய அத்தியாயம் நன்றாக வந்திருப்பதாகப் பேராசிரியர் பாராட்டினார்.

கொழுந்தனுக்கு வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸும் அவன் பெயருக்கு மாறியது. அடுத்த தையில் கல்யாணம் செய்துகொண்டான். வந்தவள் கெட்டவள் இல்லை. ஆனால் சமையலறை அவளுடையதாயிற்று, அறை அவளுடையதாயிற்று. அக்காவும் குழந்தையும் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் பாய் விரித்தார்கள். மழை பெய்தால் சாரல் அடிக்கும். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அக்கா தட்டெடுப்பாள். ஒரு நாள் குழந்தை முட்டை வேண்டும் என்று அடம்பிடித்ததற்கு அக்கா அதை அடித்த அடி மாடிக்குக் கேட்டது. அம்மா எழுந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

அதற்கு மறுவாரம் அக்கா யாரிடமும் சொல்லாமல் தொழிற்சாலை வாசலுக்குப் போயிருக்கிறாள். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகத் தமிழில் எழுதி எடுத்துப் போனாள். அங்கிருந்த பியூன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏ நக்கோ அம்மா, இங்கிலீஷ் மே லிக்கே லாவ்", இது வேண்டாம், இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டான். என்னிடம் வந்தாள். எழுதிக் கொடுத்தேன். இந்த முறை நானும் கூடப் போனேன்.

நல அதிகாரி மரியாதையான மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். மனுவைப் படித்தார். ஃபைலை வரவழைத்து அந்தச் சம்மதக் கடிதத்தை எடுத்து, சாட்சி யார் என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

அவர் கடிதத்தை என் பக்கம் திருப்பிவைத்தார். படித்த பெண் ஒருத்தி தாய்மொழியில் விளக்கிச் சொல்லி, கூட இருந்து கையெழுத்தும் போட்டிருக்கிறாள், இதற்குமேல் அலுவலகம் எதைப் பார்க்கும் என்றார். குரலில் கோபம் இல்லை. அந்த இடத்துக்கு ஆளும் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஃபைலை மூடினார்.

பஸ் ஸ்டாப்பில் வெயில் கொளுத்தியது. அக்கா முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு, "உன்மேல தப்பில்ல. உங்கப்பா முன்னாடி நீ எப்பிடிச் சொல்லுவே" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அவள் அலுவலகத்துக்குப் போன செய்தி அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டது. குடும்ப மானத்தை வாசலில் வைத்து விற்றுவிட்டாள் என்று பேச்சானது. மாமனார் ஊரிலிருந்து வந்தார். நாலு நாளில் அவளையும் குழந்தையையும் அவளுடைய அண்ணன் வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். அவளுக்கு எழுதிக் கொடுத்ததற்காக அப்பா என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவளிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை செய்வதாகவும் புகை கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் எழுதியிருந்தாள். நான் பதில் போட்டேன். அதற்குப் பதில் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி அதே நகரத்தில் திருமுல்கேரிக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் கொழுந்தனும் மனைவியும் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க வந்தார்கள். அவனுக்கு வழுக்கை விழுந்திருந்தது. பழைய காலனிப் பழக்கம், விட்டுப்போகக் கூடாது இல்லையா என்று பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தான்.

அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அண்ணிக்கென்ன, ஊர்ல நல்லாத்தான் இருக்காங்க."

"குழந்தை என்ன படிக்குது?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். எனக்குக் கணக்குத் தெரியும். அதற்குப் பதினாறு நடந்துகொண்டிருக்கும்.

"அதுக்குப் போன வைகாசியில கல்யாணம் ஆயிடுச்சுங்க" என்றாள் அவள். "மாப்பிள்ளைக்கு ரெண்டாந்தாரம். லாரி ஓட்டறாராம். எங்களுக்குப் பத்திரிகை வரல, பின்னாலதான் கேள்விப்பட்டோம்."

"வயசு கொஞ்சம் கூடுதல்னு சொன்னாங்க" என்றான் அவன்.

இருவரும் காப்பியைக் குடித்து முடித்து, அவசியம் வர வேண்டும் என்று தேதியை மறுபடியும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.