பெர்மெத் சொல்லாத பெயர்

நர்ஸ் படிப்பில் பெர்மெத் ரப்பர் பொம்மைக்குத்தான் ரத்தம் ஏற்றிப் பழகினாள். பையில் இருக்கும் பெயரை உரக்கப் படிக்கணும், நோயாளியையும் பெயர் சொல்ல வைக்கணும், இன்னொரு நர்ஸ் பக்கத்தில் நின்று கேட்கணும். பரீட்சையில் பிசிறில்லாமல் செய்தாள். பொம்மைக்கு மாமியார் கிடையாதே.

கல்யாணமாகி மலையடிவார ஊருக்கு வந்து, மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் குளிர்காலம் அது. எங்கள் கிர்கிஸ் வீடுகளில் புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பெயரை மருமகள் வாயில் எடுக்க மாட்டாள். பெர்மெத்தும் எடுத்ததில்லை.

அன்று மதியமே வானம் கறுத்து ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. வார்டில் இரண்டு பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். ஒருவன் குதிரையிலிருந்து விழுந்த மேய்ப்பன் பாயிஷ். இன்னொருவர் அவள் மாமனாரின் அண்ணன் எசென்கூல். வயிற்றுப் புண்ணில் ரத்தம் போய் வெளுத்துக் கிடந்தார். தலைமாட்டில் மாமியார் ஜுமாகான் காவல்.

"ஏம்மா மருமகளே, ஆட்டு ரத்தத்தை ஏத்திடாத. அப்புறம் கூப்பிட்டா 'மே'ன்னுதான் பதில் வரும்" என்றார் கிழவர்.

"பேசாம படுங்க மாமா. சிரிச்சா வயிறு வலிக்கும்."

ரத்த வங்கியிலிருந்து பெட்டியில் இரண்டு பைகள் வந்திருந்தன. முதல் பையை எடுத்து "பாயிஷ்!" என்று படித்தாள்.

"நாந்தாங்க, இன்னும் சாகல" என்றான் மேய்ப்பன். அவனுக்கு ஏற்றியாயிற்று.

இரண்டாவது பையைத் தொட்டதும் மாமியார் நிமிர்ந்து அவள் வாயையே பார்த்தாள்.

"ம், பேரைப் படி" என்றாள் பெரிய நர்ஸ் ரைகான்.

பெர்மெத்துக்குக் கழுத்து வரை சிவந்தது. "அக்கா... இவருக்குத்தான்."

ரைகானும் ஒரு வீட்டு மருமகள்தான். "சரி விடுடி, புரியுது. மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதானே."

வாய் சொல்லாத பெயரைக் கண்ணும் படிக்காமல் தாண்டிப் போனது. அந்தப் பை பிரசவ வார்டுப் பெண்ணுக்கு உரியது, ரத்த வகையே வேறு. பெட்டியில் பை மாறி வந்திருந்தது.

குழாயில் சிவப்பு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கிழவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"குளுருதும்மா. இடுப்பை யாரோ பிளக்கிற மாதிரி இருக்கு."

பெர்மெத் பாய்ந்து குழாயை அடைத்தாள். பையைத் திருப்பிப் பார்த்தாள். கிழவரின் கண் மேலே செருகிக்கொண்டிருந்தது.

"எசென்கூல்! எசென்கூல்! என்னைப் பாருங்க!"

"அடிப்பாவி!" என்று மாமியார் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிழவர் கண் திறந்தார். ஆனால் மூத்திரம் கறுந்தேநீர் நிறத்தில் போய், பிறகு நின்றே போனது. முதல் பனி விழுந்த காலையில் இறந்தார்.

விசாரணை வந்தது. ரைகானை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பெர்மெத்தை எச்சரிக்கையோடு விட்டார்கள். வீட்டிலோ ரத்தப் பையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. "பேரைச் சொல்லிக் கத்தினாளே, அது சாவுக்குக் கேட்டிருச்சு" என்றாள் மாமியார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

இப்போது பெர்மெத் பையைத் தூக்கிப் பெயர் படித்தால் வார்டே அதிரும். போன வாரம் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. மாமியார் வாசலை அடைத்து நின்றுகொண்டு சொன்னாள்:

"வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கடா. நம்ம ஆஸ்பத்திரியில இவ இருப்பா."