துரைக்கண்ணு மறைத்த ஊசி

ஆரணியில் பட்டு நெசவுக்கான பாவு, அதாவது நீளவாட்டு இழைகளை, தெருவில் நீட்டிக் கஞ்சி தடவ வேண்டுமென்றால் முதலில் துரைக்கண்ணுவைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு முனையை அவர் இழுத்துப் பிடித்தால் பாவு தந்திக் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். ஐம்பது வயதில் அதுதான் அவருடைய கௌரவம். அதனால்தான் இன்சுலின் போட ஆரம்பித்ததை மனைவி ஹேமலதாவைத் தவிர யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் நோயாளி என்று உட்கார வைத்துவிடுவார்களே!

அன்றைக்குப் பழனி வீட்டுப் பாவு. வேலை முடிந்ததும் பாவுக்காரர் வீட்டில் எல்லோருக்கும் டிபன் போடுவது தெரு வழக்கம். ஜல்தியாக முடிந்துவிடும் என்று நம்பி, துரைக்கண்ணு விடியலிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்துவிட்டார். பார்த்தால், நடுவில் இழைகள் சிக்கிக்கொண்டன. கஞ்சி காய்வதற்குள் பிரித்தாக வேண்டும். பிடித்த முனையை விடவே முடியாது.

இன்சுலின் அதற்கெல்லாம் காத்திருக்குமா? ரத்தத்திலிருந்த சர்க்கரையை அது பாட்டுக்கு செல்களுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. கணையம் தானே சுரந்த இன்சுலின் என்றால், சர்க்கரை குறைந்ததும் சுரப்பு அடங்கிவிடும். குளுகோகான் என்ற இன்னொரு ஹார்மோன் போய், சேர்த்து வைத்ததை அவிழ்த்துவிடு என்று கல்லீரலுக்குச் சொல்லும். ஊசியில் போனதை யார் திரும்பக் கூப்பிடுவது? கடைசியில் அட்ரினலின் ஓடிவந்து அபாயமணி அடித்தது. நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, மார்கழிப் பனியிலும் வேர்த்துக் கொட்டியது.

"இன்னாண்ணே, பாவு ஊஞ்சலாடுது? ராத்திரி எதனா ஊத்திகினியா?" என்றான் பழனி.

தெருவே சிரித்தது. சிரிக்கட்டும், நோயாளிப் பட்டத்துக்குக் குடிகாரன் பட்டம் மேல் என்று துரைக்கண்ணு பல்லைக் கடித்தார். ஆனால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் விழுந்தால் பாவும் மண்ணில் விழும்.

"டேய், ஊசி போட்டுகினு சாப்பிடாம வந்துட்டேன்டா! சர்க்கரை எறங்கிகினே கீது. முனைய புடி!"

பழனி பாய்ந்து பிடித்தான். எதிர்வீட்டுப் பொன்னம்மாள் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்தார். குடித்த சற்று நேரத்தில் தெரு நேராகத் தெரிந்தது.

"நானுந்தான் ஊசி போட்டுக்கறேன். வேலை முடிஞ்சாதான் டிபன்னு பாத்துகினா இருக்கேன்? ரெண்டு இட்லிய உள்ள தள்ளிட்டுதான் வருவேன்," என்று பொன்னம்மாள் திட்டினார்.

பாவு தப்பியது. பேர் போய்விட்டதென்று அந்த வாரம் முழுக்கத் துரைக்கண்ணு வாசல் தாண்டவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் பழனி கதவைத் தட்டினான்.

"நாளைக்கு எங்க மச்சான் பாவுண்ணே. நீதான் புடிக்கணும். வெறும் வயித்தோட வந்தீன்னா உன்னையும் கஞ்சி தடவிக் காயப் போட்டுடுவேன்!"

துரைக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஹேமலதாவின் குரல் வந்தது: "காயப் போடு தம்பி, அவர ஒரு பக்கம் நான் வந்து இழுத்துப் புடிச்சிக்கறேன்."