குதிரைக்கு முன்னால் நிற்கிற வேலை

செல்லத்துரையைக் குதிரை மிதித்துக் கொன்றதை நான் கண்ணால் கண்டேன். ஒரு தடவை இல்லை, அன்று காலை முழுக்க. ஒவ்வொரு தடவையும் எங்கள் முதலாளி கைகொட்டிச் சிரித்தார்.

பதற வேண்டாம். செல்லத்துரை ஒரு கம்ப்யூட்டர் கேமில் வருகிற ஈட்டிக்காரன். பெயர் நான் வைத்தது. வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற எங்கள் ஸ்டூடியோவில் அவனைச் செய்துகொண்டிருந்தோம். எதிரியின் குதிரைப்படையை மறிப்பதற்கென்றே இருக்கிற காலாள் அவன். வேறு ஒன்றுக்கும் உதவமாட்டான். வில்லுக்காரன் ஒரு அம்பு விட்டால் பொத்தென்று விழுவான். குதிரையையும் மறிக்காவிட்டால் அவனை வைத்து என்ன செய்வது? அதைத்தான் முதலாளியும் கேட்டார்.

"பவானி, இவன் ரோட் ஹம்ப் மாதிரி இருக்கான்மா. ஏறிப் போக நல்லா இருக்கு. வெள்ளிக்கிழமையும் இப்பிடியே விழுந்தான்னா கேம்ல இருந்து தூக்கிருவோம். நீங்க திரும்ப மரம் செய்யுங்க."

பவானி அக்கா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மரம், பானை, மதில் இவற்றைத்தான் செய்துவந்தார். கண், மூக்கு, வாயோடு அவருக்குக் கிடைத்த முதல் ஆள் செல்லத்துரை. கெஞ்சிக் கேட்டு வாங்கியது. அவனை அசைய வைக்கிற அனிமேஷன் வேலை என்னுடையது. நான் ஏ.எல். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கொட்டாஞ்சேனையில் கலியாண வீடியோ எடிட் பண்ணிக்கொண்டிருந்தவன். என் பகிடிக்குச் சிரிக்க அந்த மாடியில் அக்காவைத் தவிர வேறு ஆளில்லை. அவர் சிரிப்பு நின்றுபோகுமே என்று எனக்கும் கவலைதான்.

ஈட்டியை நீட்டிப் பார்த்தோம். கேடயத்தைப் பெரிதாக்கினோம். கையில் சதை வைத்து வைத்து, செல்லத்துரை ஜிம் மாஸ்டர் போல ஆகிவிட்டான். அப்போதும் செத்தான். டெஸ்டில் முதலாளி குதிரையை ஓட்டுவார்; குதிரைமேல் இருக்கிறவன் கண்ணுக்குத் தெரிவதுதான் அவர் ஸ்கிரீனில் தெரியும். அக்கா செல்லத்துரையை ஆட்டுவார். குதிரை கிட்ட வந்ததும் அக்கா "ஐயோ, ஐயோ" என்று எல்லாக் கீயையும் அமத்துவார். செல்லத்துரை முன்னால் ஓடுவான், குத்துவான், தவறும். பிறகு குளம்புதான்.

"அக்கா, செல்லத்துரைக்கு ஒரு இன்சூரன்ஸ் போட்டுவிடுவமா?"

"வாயை மூடு. உன்ர அனிமேஷன்தான் பிழை. குதிரையைக் கண்டா கலியாண வீட்டுப் பந்திக்கு ஓடுற மாதிரியெல்லோ ஓடுறான்."

வியாழக்கிழமை மத்தியானம் வடை வாங்க, பஸ்கள் பறக்கிற காலி வீதியைக் கடந்தோம். அக்கா கையை நீட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். அவசரமே இல்லை. ஒரு பிரைவேட் பஸ் கிறீச்சென்று நின்றது. நான் வழக்கம்போல அவருக்குப் பின்னால் குனிந்து ஓடினேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "மல்லி, மெரெண்டத துவன்னே?" என்று சிங்களத்தில் கத்தினார். சாகவா ஓடுகிறாய் என்று எனக்குத்தான் கேள்வி. அக்காவை அவர் ஒரு சொல் சொல்லவில்லை.

"உங்களுக்கு மட்டும் எப்பிடி அக்கா நிப்பாட்டுறான்? சொந்தக்காரனா?"

"பஸ்ஸுக்கு என்னடா தெரியும்? நான் ஓட்டுறவன்ர கண்ணைத்தான் பாக்கிறனான். நான் ஓடமாட்டன் எண்டு கண்டா அவன் பிரேக்கிலை கால் வைப்பான். உன்னை மாதிரி ஓடினா, நீ எந்தப் பக்கம் பாயுவாய் எண்டு ஆருக்குத் தெரியும்?"

நான் வடையைக் கடித்தபடி கேட்டேன். "அக்கா, செல்லத்துரை எங்க பாக்கிறான்?"

"குதிரையைத்தான்..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என்னைத் தள்ளிக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

அன்று பின்னேரம் செல்லத்துரையின் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினோம். பார்வை குதிரையின் காதுகளுக்கு மேலால் போய், ஓட்டுகிறவனின் முகத்தில் விழுந்தது. ஈட்டியின் அடியைப் பின்னங்காலால் மிதித்து, நுனியைக் குதிரையின் நெஞ்சுக்கு நேரே வைத்தான். முக்கியமானது இதுதான்: இதையெல்லாம் ஐட்லில் வைத்தோம். ஐட்ல் என்றால் ஒரு கீயும் அமத்தாதபோது ஆள் தானாகச் செய்கிற அசைவு. சும்மா விட்டால் நிற்பான், குதிரை தன் வேகத்திலேயே ஈட்டியில் வந்து ஏறும். ஜிம் சதையை எல்லாம் அக்கா கழற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை முதலாளி சிரித்துக்கொண்டே குதிரையைக் கிளப்பினார்.

"அக்கா, கை!" என்றேன்.

அக்கா கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டார். குதிரை வந்தது. செல்லத்துரை நிமிர்ந்து பார்த்தான். கிட்ட வந்த குதிரை, இடிக்காமல் சட்டென்று ஒரு பக்கமாக விலகிப் போனது.

"ஏன் சேர் திருப்பினீங்க?"

"தெரியலடா. அவன் என்னையே பார்க்கிறான்."

இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நேரே வந்தார். குதிரையும் விழுந்தது, அவரும் விழுந்தார். மூன்றாம் தடவை பழையபடி திருப்பிவிட்டார்.

"இவனுக்கு நான் வில்லுக்காரன அனுப்புறேன்!"

"அனுப்புங்கோ!" அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அவனுக்கு விழட்டும். குதிரைக்கு விழமாட்டான்!"

முதலாளி அக்காவையும் ஸ்கிரீனையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிம்மா, இருக்கட்டும் இவன். அடுத்த ஆளையும் நீங்களே செய்யுங்க."

அக்கா தலையாட்டினார். தள்ளி வைத்த கீபோர்டுக்குக் கை நீட்டினார். நான் இழுத்துக் கொடுத்தேன்.

ஸ்டூடியோவுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகளே, குதிரையை மறிக்கிற ஆளைச் செய்ய உட்கார்ந்தால் ஈட்டியின் நீளத்தைப் பிறகு பாருங்கள். குதிரைமேல் இருக்கிறவனுக்கு ஒரு நொடி சந்தேகம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் பாதி வேலை முடிந்தது. இதை நானேதான் கண்டுபிடித்தேன். பவானி அக்காவிடம் போய்க் கேட்காதீர்கள்.